ரப்பரை எடுத்தால் போதும்

கேள்வி: ஆறு வருடம் சிறையில் இருந்த என் தம்பி வெளியே வந்து நான்கு மாதம் ஆகிறது. உள்ளே ஓவிய வகுப்பில் கற்றுக்கொண்டானாம். நாள் முழுக்க அறையில் உட்கார்ந்து வரைகிறான். வேலை தேடு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இந்தப் படங்கள் அவனைக் கரை சேர்க்குமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: படம் விற்றுச் சாப்பிட முடியுமா என்றால், பெரும்பாலும் முடியாது. ஒன்பது வருடம் சிறையில் வரையக் கற்றுக்கொடுத்தவன் நான். அந்த ஆசையை யாருக்கும் காட்டியதில்லை.

அந்த வகுப்பில் பென்சிலை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவார்கள். ஷார்ப்னரில் பிளேடு இருப்பதால் அதற்கு அனுமதி இல்லை. முந்தின இரவே நாற்பது பென்சிலைச் சீவி எடுத்துப் போவேன். முனை உடைந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டும். யாரிடமும் எதையும் கேட்காமல் இருப்பதுதான் பிழைக்கும் வழி என்று ஆகிப்போன இடத்தில், அது சின்ன விஷயம் இல்லை. 'இந்தக் கை சரியாக வரவில்லையே' என்று சொன்னால் முதல் மாதம் தாளைக் கிழிப்பார்கள். அப்புறம் ஒரு நாள், கிழிக்காமல் ரப்பரை எடுப்பார்கள். நான் காத்திருந்தது அதற்குத்தான்.

1957இல் அமெரிக்காவின் சான் க்வென்டின் சிறையில் நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டின் 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' நாடகம் நடந்தது. ஆயுள் கைதி ரிக் க்ளூச்சிக்கு அரங்குக்கு வர அனுமதி இல்லை; அறையில் இருந்தபடி ஒலிபெருக்கியில் கேட்டார். பிறகு சக கைதிகளோடு நாடகக் குழு தொடங்கினார். 1966இல் பரோலில் வெளியே வந்த பிறகும் நாடகத்தை விடவில்லை. பின்னாளில் பெக்கெட்டே அவரை இயக்கினார். எல்லோருக்கும் இப்படி அமையாது. ஆனால் அவர் தனியாக நடிக்கவில்லை, கவனியுங்கள்.

உங்கள் தம்பிக்குக் குறை அங்கேதான். வாசலைத் தாண்டியதும் வகுப்பு போய்விட்டது. 'கை சரியில்லை' என்று சொல்ல ஆள் இல்லை. வீட்டில் நீங்கள் பாராட்டுவதோ திட்டுவதோ அதற்கு ஈடாகாது. வெளியே ஒரு மாலை வகுப்பில் சேர்த்துவிடுங்கள். பகலில் பெயர்ப்பலகை எழுதும் இடமோ படத்துக்குச் சட்டம் போடும் கடையோ, கைக்குப் பழக்கமான வேலையாகப் பாருங்கள். விண்ணப்பத்தில் 'தண்டனை பெற்றதுண்டா' என்ற கட்டத்தை எந்த ஓவியமும் மறைக்காது. அதற்குச் சட்டம்தான் மாற வேண்டும்.

ஒன்று மட்டும். யாராவது கண்காட்சிக்குக் கூப்பிட்டு, படத்தின் கீழே 'முன்னாள் கைதி' என்று எழுதலாமா என்றால், முடிவு அவனுடையது, உங்களுடையது அல்ல.

வகுப்புக் கட்டணத்தை இரண்டு மாதம் நீங்கள் கட்டுங்கள். மூன்றாம் மாதம் அவன் கட்டட்டும்.