அரசின் கொள்கைகளைச் சிந்தனைக் குழாம்கள் ('திங்க் டேங்க்' எனப்படும் கொள்கை ஆய்வு நிறுவனங்கள்) உண்மையிலேயே மாற்றுகின்றனவா?

மாற்றுகின்றன. ஆனால் அமைச்சரை நேரில் பார்த்துப் பேசி, அவர் மனத்தைத் திருப்பிவிட்டு வருவதெல்லாம் அபூர்வம். அவருக்கு ஒரு திட்டம் அவசரமாகத் தேவைப்படும் நாளில், எழுதி முடித்த வரைவு கையில் இருப்பதுதான் 'திங்க் டேங்க்'குகளின் பலம். துறை அதிகாரிகளுக்கு அன்றன்றைய கோப்புகளைப் பார்க்கவே நேரம் சரியாகிவிடுகிறது. 1981இல் அமெரிக்க அதிபராக ரீகன் பதவியேற்றபோது, துறைவாரியாக என்னென்ன செய்யலாம் என்று ஆயிரம் பக்கங்களுக்கு மேல் எழுதி வைத்திருந்தது ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற வலதுசாரிச் சிந்தனைக் குழாம். தேர்தலுக்கு முன்பே தொடங்கிய வேலை அது.

எனக்கு இதை நன்றாகப் புரியவைத்தது அதே நிறுவனத்திலிருந்து வந்த இன்னொரு யோசனை. ஒவ்வொரு குடும்பமும் மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போடலாம் என 1989இல் அங்கிருந்த ஸ்டூவர்ட் பட்லர் எழுதினார். அரசே எல்லோருக்கும் காப்பீடு நடத்தும் நிலை வராமலிருக்க வலதுசாரிகள் முன்வைத்த மாற்றுவழி அது. 1993இல் அதிபர் கிளின்டனின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குப் போட்டியாக, வலதுசாரிகளின் கட்சியான குடியரசுக் கட்சியின் செனட்டர்கள் சிலர் அதைத் தங்கள் மசோதாவில் சேர்த்தார்கள், நிறைவேறவில்லை. 2006இல், அதே கட்சியின் மிட் ராம்னி ஆளுநராக இருந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சட்டமானது. 2010இல் ஒபாமா நாடு முழுவதற்கும் கொண்டுவந்தார். அதற்குள் ஹெரிடேஜே எதிர்ப்பக்கம் போய்விட்டது. இறுதி வாக்கெடுப்பில் குடியரசுக் கட்சியினர் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. பெற்றவர்களே கைவிட்ட பிறகும் அந்த யோசனை 21 ஆண்டுகள் கழித்துச் சட்டமாகி நின்றது.

இவ்வளவு தூரம் போகக்கூடிய காகிதத்தை எழுதுபவர்களை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் பணம் யாருடையது என்று கேட்டே தீர வேண்டும். நார்வே உள்பட வெளிநாட்டு அரசுகள் வாஷிங்டன் ஆய்வு நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்து வந்ததை 2014இல் நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகுதான் பலரும் இதைக் கவனித்தார்கள்.

பணம் வாங்கினாலே ஆய்வு பொய் என்று சொல்ல மாட்டேன். ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 1970களில் அரசுப் பணத்தில்தான் ஆயிரக்கணக்கானவர்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு காப்பீட்டுத் திட்டங்களில் சேர்த்து, பல ஆண்டுகள் கவனித்தது. அந்தத் தரவு வெளியில் இருப்பதால் பிற்காலத்தில் வந்த பொருளியலாளர்கள் அதை மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்க முடிந்தது. ஓர் அறிக்கை கைக்கு வந்தால், பரிந்துரைகளைப் படிக்கும் முன் நன்கொடையாளர் பட்டியலைத் தேடுவேன். பிறகு தரவு கிடைக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டும் இல்லையென்றால், அதை ஒரு தரப்பு வக்கீலின் வாதமாகத்தான் படிப்பேன்.