எந்த நாற்காலியில் உட்காரப் போகிறாய்?

காரைக்குடியில் உளவியல் முடித்துவிட்டு மேற்படிப்புக்குக் கலிஃபோர்னியா வரப்போவதாக எழுதியிருக்கிறாய், தங்கச்சி. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணைநிற்கும் ‘விக்டிம் அட்வகேட்’ வேலைக்குச் சட்டம் படிக்க வேண்டுமா என்பது உன் கேள்வி. நான் தேவகோட்டைக்காரி. இங்கே குடும்ப வன்முறைக் காப்பகம் ஒன்றில் நெடுங்காலமாக இந்த வேலையைத்தான் பார்க்கிறேன்.

சட்டப் பட்டம் தேவையில்லை. உளவியல், சமூகப்பணி, குற்றவியல் எதுவானாலும் போதும். அதைவிடப் பெரிய கேள்வி, அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்வதா, காப்பகத்தில் சேர்வதா என்பது. அரசு அலுவலகத்தில் இருப்பவர் விசாரணைத் தேதி சொல்வார், நீதிமன்றத்தில் பக்கத்தில் உட்காருவார், இழப்பீட்டு மனு நிரப்ப உதவுவார். ஆனால் அவரிடம் பாதிக்கப்பட்ட பெண் சொன்னதில் குற்றம் சாட்டப்பட்டவனுக்குச் சாதகமானது முக்கியமாக ஏதாவது இருந்தால், அதை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தாக வேண்டும். 1963-இல் பிராடி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விதித்த கடமை அது. காப்பகத்தில் அப்படியில்லை. கலிஃபோர்னியச் சாட்சியச் சட்டம் கேட்கும் 40 மணி நேரப் பயிற்சியை முடித்த ஆலோசகரிடம் சொன்னது, சில விதிவிலக்குகள் தவிர, ரகசியமாகவே இருக்கும்.

நம் ஊரை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். வளவில் நடந்தது முகப்பைத் தாண்டக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அடிபட்டு வரும் பெண்ணுக்குக் கணவனைப் பற்றிய பயம்கூடப் பிறகுதான். ஊரில் ஆத்தாவுக்குத் தெரிந்துவிடுமோ, தங்கை கல்யாணம் நின்றுவிடுமோ என்பதுதான் முதல் பயம். “நீ சொல்வது என்னோடு இருக்கும்” என்று சட்டத்தின் பலத்தோடு சொன்னால்தான் வாய் திறப்பாள். மொழிபெயர்ப்பவர் உள்ளூர்த் தமிழ்ச் சங்கத்துக்காரர் என்றால் அப்போதும் பேசமாட்டாள். தமிழ் தெரிந்த நீ அந்த அறையில் இருப்பது அதனால்தான் முக்கியம்.

போலீசைக் கூப்பிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கணவன் மிரட்டி வைத்திருப்பான். 2000-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் இத்தகையவர்களுக்கு யு விசா தந்தது; குற்றத்தால் பாதிக்கப்பட்ட வெளிநாட்டவர் இங்கே தங்க வழிசெய்யும் விசா அது. ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான், காத்திருப்போ பல ஆண்டுகள். அப்படி ஒன்று உண்டு என்று நீ சொல்லலாம். மனுப் போடலாமா என்பதைக் குடியேற்ற வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். நல்ல மனத்தோடு இந்த எல்லையை மீறினாலும் அடிபடுவது அந்தப் பெண்தான்.

சம்பளம் குறைவு, கடன் வாங்கிப் படிப்பதானால் யோசித்துக்கொள். மாணவர் விசாவில் இருக்கும்போது, சம்பளமில்லாப் பணியானாலும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்டுவிட்டே சேர்.

கிளம்புவதற்குள் சிவகங்கையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒருமுறை போய் வா. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பின்றி அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. இங்கே உன்னிடம் வரும் பெண்ணின் வழக்கு பாதி அங்கேயும் இருக்கும்: பறித்து வைத்த நகை, மாமியார் வீட்டில் விட்டுவந்த குழந்தை. யாரிடம் போகச் சொல்வது என்று அப்போது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.