மண்சாலையில் டயர் மாற்ற காரோடு வந்த ஜாக்கி போதுமா?

கேட்டவர் அடுத்த மாதம் பிக்கப்பில் மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் கஹாங் வழியாக எண்டாவ் ரொம்பின் காட்டுக்குக் குடும்பத்தோடு போகிறார். கடைசி 50 கிலோமீட்டருக்கு மேல் செம்மண் பாதை. வண்டியோடு வந்த ஜாக்கி அங்கே தாங்குமா என்கிறார்.

ஜாக்கி தாங்கும். அதற்கு அடியில் இருக்கும் மண் தாங்குமா, வண்டியை உருளவிடாமல் எது பிடித்திருக்கிறது, இந்த இரண்டும்தான் எனக்குக் கவலை. சிங்கப்பூரில் நமக்கு இதில் பழக்கமே இல்லை. விரைவுச்சாலையில் நின்றுபோனால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து இலவசமாக இழுத்துப்போய்ப் பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில் விட்டுவிடும். செம்பனைத் தோட்டத்துக்குள் யார் வருவார்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்துப் பாதை, முதல் நாள் மழை. கல் கிழித்து இடது பின் டயர் போய்விட்டது. பாதை சமமாகத்தான் தெரிந்தது. ஆட்டோ கியரை 'பி'யில் (பார்க்கிங்) போட்டு, கைப்பிரேக்கையும் இழுத்துவிட்டு ஜாக்கியை ஏற்றினோம். அந்த வழியாக வந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "தம்பி, டயரக் கழட்டுறதுக்கு முன்னாடி அந்த ஸ்பேர் டயர அடியில தள்ளுங்க" என்றார். படுக்கவைத்துத் தள்ளினோம். மச்சான் கடைசி நட்டைக் கழற்றிவிட்டு டயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வண்டி ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்து மண்ணில் புதைய, வண்டியின் சட்டம் 'தொப்'பென்று ஸ்பேர் டயர் மேல் உட்கார்ந்தது. மச்சானின் கைக்கும் பிரேக் டிரம்முக்கும் இடையில் நான்கு விரல்கடை இடம் இருந்தது. அந்த டயர் அங்கே இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன்.

'பி'யும் கைப்பிரேக்கும் இருந்தும் ஏன் நகர்ந்தது? வழக்கமாகப் பின்சக்கரங்கள்தான் பிக்கப்பை இழுக்கின்றன. 'பி' பூட்டுவது கியர்பெட்டியிலிருந்து பின்னால் போகும் தண்டை மட்டும். ஒரு பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கிவிட்டால், அது காற்றில் ஒரு பக்கம் சுழல, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருளலாம். இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறாகச் சுழலவிடும் பல்சக்கர அமைப்பான டிஃபரன்ஷியல் அதற்கு இடம் கொடுக்கும். ஆக 'பி' வீண். கைப்பிரேக்கும் பின்சக்கரங்களில்தான் பிடிக்கிறது; அதில் ஒன்று மேலே போய்விட்டது. மொத்த வண்டியையும் ஈரமண்ணில் ஒரே ஒரு டயர் பிடித்துக்கொண்டிருந்தது. முன்சக்கரங்கள் சும்மா உருளும். அதனால் தூக்குவதற்கு முன்பே நாலு சக்கர இழுவையைப் போட்டுவிடுங்கள், முன் அச்சும் சேர்ந்து பிடிக்கும். எதிர் மூலையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கல் கொடுப்பதென்றால் உருண்டையான கல் வேண்டாம்.

அடுத்தது மண். ஜாக்கியின் அடித்தகடு 8 செண்டிமீட்டருக்கு 10 என்று வையுங்கள், 80 சதுர செண்டிமீட்டர். அதன்மேல் 600 கிலோ ஏறினால் சதுர செண்டிமீட்டருக்கு ஏழரை கிலோ. அடியில் 30க்கு 30 ஒட்டுப்பலகை ஒன்றைப் போட்டால் அதே பாரம் முக்கால் கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். 18 மில்லிமீட்டர் தடிப்பில் இரண்டு துண்டு வாங்கி ஒன்றாகத் திருகி வையுங்கள். பலகை வைக்கும் இடத்தில் மேல் சேற்றைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பலகையே வழுக்கும்.

பிக்கப்பில், பாட்டில் போல நிமிர்ந்து நிற்கும் பாட்டில் ஜாக்கியைப் பின் அச்சுக்கு அடியில் வைப்பதே நல்லது. சட்டத்தில் வைத்தால் ஸ்பிரிங் முழுக்கத் தொங்கும்வரை டயர் மேலே வராது; அவ்வளவு உயரம் தூக்கினால் வண்டி ஆடும். அப்புறம், பிள்ளைகள் உட்பட எல்லாரும் இறங்கித் தள்ளி நிற்கட்டும். டயர் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். தூக்கிய வண்டிக்கு அடியில் தலையோ உடம்போ போகவே கூடாது, ஒரு நிமிடத்துக்குக்கூட.

பலர் ஆசைப்பட்டு வாங்கும் உயரமான பண்ணை ஜாக்கியைப் பழகாமல் எடுத்துப்போக வேண்டாம். இறக்கும்போது கைப்பிடி வழுக்கினால் பாரம் முழுவதும் அதைத் தூக்கி அடிக்கும், தாடை உடையும். சாதாரண காரின் பம்பரில் அதைக் கொடுக்கவே முடியாது.

கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டி தரையில் நிற்கும்போதே ஒரு நட்டை உங்கள் ஸ்பேனரால் தளர்த்தி, திரும்ப முறுக்கிப் பாருங்கள். வொர்க்‌ஷாப்பில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கியிருந்தால் குட்டை ஸ்பேனருக்கு அசையாது. அசையவில்லை என்றால் நீளமான ஸ்பேனர் ஒன்று வாங்கிப் பலகையோடு சேர்த்து வையுங்கள்.