நெடுங்கேணி அதிர்வு எரிமலைக்கு அறிகுறியா?

இல்லை. மத்தியானம் இரண்டு தரம் உங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி கிலுகிலுத்தது எரிமலையால் அல்ல. நெடுங்கேணி இருக்கும் வன்னிக்கு அடியில் உள்ளது மிகப் பழைய உருமாறிய பாறை. இலங்கையில் இயங்கும் எரிமலையே கிடையாது.

எரிமலை குமுறுவதன் அறிகுறியை நிலநடுக்க அலைகளில் காணலாம் என்று நீங்கள் வாசித்த செய்தி உண்மைதான், ஆனால் அது எரிமலை நாடுகளுக்கு உரியது. கற்குழம்பு மேலேறும்போது சுற்றிலும் உள்ள பாறையை நெருக்கும். நுண்ணிய விரிசல்கள் திறக்கும் திசை மாறும். நிலநடுக்கத்தில் பாறையைப் பக்கவாட்டில் ஆட்டும் அலைகளில், விரிசல் ஓடும் திசையில் அசைவது முந்தி வரும், விரிசலுக்குக் குறுக்காக அசைவது பிந்தும். நியூசிலாந்தின் ருவாபெகு எரிமலையில் 1995-96 குமுறலை ஒட்டி, முந்தி வரும் அலை அசையும் திசை மாறியது நிலநடுக்கப் பதிவுகளில் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்தது அருமையான வேலை!

உங்களிடத்தில் கல் குவாரி வெடியாக இருக்கலாம். அடுத்த முறை நேரத்தைக் குறித்துவிட்டு, பக்கத்துக் குவாரியில் வெடி வைத்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

சின்ன நிலநடுக்கம் வன்னியிலும் வரலாம். சுவரில் புதிதாக வெடிப்பு விழுந்தால் கிராம அலுவலருக்கு உடனே சொல்லுங்கள்.