படித்தால் போதாதா?

கேள்வி: என் பேத்தி அமெரிக்காவில், ஆஸ்டின் நகரத்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். அவளுடைய அறைத் தோழி மெக்சிக்க வம்சாவளிப் பெண்; மெக்காலன் என்ற எல்லைப்புறத்து ஊர். பெண்களை விரும்புகிறவளாம், வீட்டில் சொல்லவில்லையாம். தினமும் மாலையில் அம்மாவுடன் ஸ்பானிய மொழியில் மணிக்கணக்காகப் பேசுகிறாள், பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறாள் என்று பேத்தி சொல்கிறாள். போதாக்குறைக்கு அங்கே எந்தப் படிவத்தை எடுத்தாலும் இனம் என்ன, பூர்வீகம் என்ன என்று கேள்விகளாம். படிக்கப் போன இடத்தில் படித்தால் போதாதா? (என் பெயரை வெளியிட வேண்டாம்.)
ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: படிவம் என்று சொல்லிவிட்டீர்கள். இனி என்னைப் பிடித்து நிறுத்த முடியாது.

நான் படிவங்களின் ஜென்ம விரோதி என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வங்கியில் படிவம் நீட்டினார்கள். முதற்பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம். எனக்கு ஏது குடும்பப்பெயர்? இனிஷியலை விரித்து எழுதுங்கள் என்றார் கவுண்ட்டரில் இருந்தவர். அப்பாவின் பெயரை எழுதினேன். அன்று முதல் அந்த வங்கியைப் பொறுத்தவரை நான்தான் என் அப்பா. அவர் பெயருக்குத் தீபாவளி வாழ்த்து வருகிறது. தனிநபர் கடன் வேண்டுமா என்று விசாரித்துக் கடிதம் வருகிறது. அவர் காலமாகிவிட்டார், உயிரோடு இருந்தபோதும் கடன் என்றால் எழுந்து போய்விடுவார். பெயரைத் திருத்தக் கேட்டுப் போனேன். ‘கணக்கு வைத்திருப்பவரை நேரில் வரச் சொல்லுங்கள்’ என்றார்கள். அவர் வர இயலாத இடத்தில் இருக்கிறார் என்றேன். அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது என்றார்கள்.

உங்கள் பேத்தியின் தோழிக்கு நேர்மாறான தொல்லை. மெக்சிக்க வழக்கப்படி ஒருவருக்கு இரண்டு குடும்பப்பெயர்கள்: அப்பாவினுடையது முதலில், அம்மாவினுடையது அடுத்து. அமெரிக்கப் படிவம் ஒன்றுக்குத்தான் இடம் விட்டிருக்கும். பெரும்பாலும் அம்மாதான் வெளியே நிற்பார்.

இனத்தைக் கேட்கிறார்களே என்கிறீர்கள். அந்தக் கேள்வியின் கதை இன்னும் வேடிக்கை. 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்க அரசு ‘மெக்சிக்கர்’ என்று ஒரு தனி இனத்தை உண்டாக்கியது. 1940இல் அதை எடுத்துவிட்டு அவர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்தது. 1980இல் எல்லா வீடுகளிலும் ஸ்பானியப் பூர்வீகம் உண்டா என்று தனியாகக் கேட்டது. அது இனம் இல்லை என்று விளக்கமும் சொன்னது. 2024 மார்ச்சில், இரண்டையும் ஒரே கேள்வியாக்கிவிடலாம் என்று விதியை மாற்றியிருக்கிறது. ஒரு பாட்டி மெக்காலனில் தன் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலேயே இத்தனை முறை மாறியிருப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வந்தாலும் அங்கேயும் ஒரு படிவம்தான் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவில் அரசின் கல்வி உதவித்தொகைக்கு ஒரு பொது விண்ணப்பம் உண்டு. அதை எளிமையாக்குகிறோம் என்று புதுப்பித்து 2023 டிசம்பர் கடைசியில் வெளியிட்டார்கள். சமூகப் பாதுகாப்பு எண் (அமெரிக்க அரசு ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்) இல்லாத பெற்றோரின் பிள்ளைகள் பல வாரங்களுக்கு அதை முடிக்கவே முடியவில்லை. எளிமையாக்கியதன் அழகு! வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இதைப் பெரும்பாலும் தாங்களே நிரப்புகிறார்கள். அப்பாவின் வருமானம், அம்மாவின் வேலை, தம்பி தங்கைகளின் எண்ணிக்கை எல்லாம் பதினேழு வயதிலேயே அவர்களுக்கு மனப்பாடம். அந்தப் பெண் மாலையில் மணிக்கணக்காக என்ன பேசுகிறாள் என்று நினைக்கிறீர்கள்? காப்பீட்டுக் கம்பெனிக் கடிதத்தை அம்மா கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பியிருப்பார். இவள் அதை வரி வரியாக ஸ்பானிய மொழியில் சொல்லி, எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருப்பாள். இடையில் அம்மா, ‘அங்கே நல்ல பையன் யாரையாவது பார்த்தாயா?’ என்று கேட்டிருப்பார். அதற்கப்புறம் சுவரைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது?

‘வீட்டில் சொல்லவில்லையாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தின் கடைசி வரியில் உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வெளியிடவில்லை. யாரிடம் எதை எப்போது சொல்வது என்பது உங்களுக்கு விட்ட உரிமை. அவளுக்கும் அவ்வளவுதான் வேண்டும். உங்கள் பேத்தி அவளிடம் கேட்டுக்கொண்டு உங்களிடம் சொன்னாளா என்பதை மட்டும் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

அவள் வந்த வழியையும் சொல்ல வேண்டும். டெக்சாஸில் 1997இல் ஒரு சட்டம் போட்டார்கள்: எந்த ஊர்ப் பள்ளியானாலும் வகுப்பில் முதல் பத்து சதவீதத்தில் வந்தால் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. ஆஸ்டினுக்குப் போட்டி அதிகம் என்பதால் அங்கே வரம்பைப் பல ஆண்டுகள் ஆறு சதவீதமாக வைத்திருந்தார்கள். 2026 சேர்க்கைக்கு ஐந்தாகக் குறைத்துவிட்டார்கள். மெக்காலன் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். ஊரில் வகுப்பில் எல்லாரும் இவளைப் போலத்தான் பேசினார்கள், சாப்பிட்டார்கள். ஆஸ்டினில் அப்படிப்பட்டவர்கள் நாலில் ஒரு பங்கு. ஊரிலிருந்து ஆஸ்டின் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். வடக்கே போகும் நெடுஞ்சாலையில், ஃபால்ஃபூரியஸ் என்ற ஊருக்கு முன்னால், எல்லையிலிருந்து நூறு கிலோமீட்டர் உள்ளே வந்த பிறகும் எல்லைக் காவல்படையின் சோதனைச் சாவடி ஒன்று நிற்கிறது. காரை நிறுத்தி, நீங்கள் அமெரிக்கக் குடிமக்களா என்று கேட்பார்கள். பெற்றோருக்கு அந்நாட்டில் வசிப்பதற்கான காகிதம் இல்லையென்றால் மகளை விடுதியில் கொண்டுவந்து விடக்கூட அவர்களால் அந்தச் சாவடியைத் தாண்ட முடியாது. அவளுடைய பெட்டியை யார் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று உங்கள் பேத்திக்கு நினைவிருக்கிறதா?

மெக்காலன் இருக்கும் ரியோ கிராண்டே ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1942இல் பிறந்தவர் குளோரியா அன்சால்துவா. எழுத்தாளர்; தன்பாலீர்ப்பை ஒளிக்காமல் எழுதியவர். 1960களில் முதலில் வடக்கே டெண்டனில் கல்லூரியில் சேர்ந்தார். பணம் இல்லாமல் திரும்பினார். பிறகு மெக்காலனுக்குப் பக்கத்து ஊரான எடின்பர்க்கில் படித்துப் பட்டம் வாங்கினார். அங்கே மெக்சிக்க வம்சாவளி மாணவர்கள் எல்லாரும் இரண்டு பேச்சு வகுப்புகளுக்குக் கட்டாயம் போக வேண்டியிருந்தது என்று எழுதியிருக்கிறார். அவர்களுடைய ஆங்கிலத்தில் ஒட்டியிருந்த ஸ்பானியத் தொனியைப் போக்குவதற்காக! நம் ஊரில் ஒரே மாதத்தில் வெள்ளைக்காரன் உச்சரிப்பு என்று மின்கம்பத்துக்கு மின்கம்பம் நோட்டீஸ் ஒட்டுகிறவர்களுக்கும் எனக்கும் உள்ள பழைய தகராறு உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் அவர்கள் காசு கட்டித் தேடி வருகிறவனைத்தான் திருத்துகிறார்கள். அன்சால்துவாவின் காகிதங்கள் எல்லாம் இப்போது ஆஸ்டினிலேயே, அதே பல்கலைக்கழகத்து பென்சன் நூலகத்தில் இருக்கின்றன.

இத்தகைய மாணவர்கள் போய் உட்கார்ந்து பேச அங்கே அலுவலகங்கள் இருந்தன. டெக்சாஸ் அரசு 2023இல் ஒரு சட்டம் இயற்றியது. 2024 ஜனவரி 1 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் இப்படிப்பட்ட அலுவலகங்களுக்குத் தடை. ஆஸ்டினில் பல பண்பாட்டு மாணவர்களுக்கான மையத்தை அந்த ஜனவரியிலேயே மூடினார்கள். பால்புதுமை மாணவர்கள் (தன்பாலீர்ப்புள்ளவர்கள், திருநர்கள் முதலானோர்) ஒதுங்கிய மையம் பெண்கள் மையம் என்று பெயர் மாற்றிக்கொண்டு சில மாதங்கள் தாக்குப்பிடித்தது, பிறகு அதுவும் போயிற்று. மாணவர்கள் தாங்களாகவே நடத்தும் சங்கங்களைச் சட்டம் தொடவில்லை. அதாவது முதலாண்டில் திணறும் பிள்ளையைத் தூக்கிவிடும் வேலை இப்போது இரண்டாமாண்டுப் பிள்ளையின் தலையில். சம்பளம் கிடையாது, தேர்வு மட்டும் உண்டு.

படித்தால் போதாதா என்ற உங்கள் கேள்விக்குப் பதில்: படிக்கத்தான் வந்திருக்கிறாள், படித்துக்கொண்டும் இருக்கிறாள். உங்கள் கடிதத்தில் அவள் மதிப்பெண்ணைப் பற்றி ஒரு புகாரும் இல்லையே.

பேத்தியை வேறு அறைக்கு மாற்றச் சொல்லலாமா என்பதுதான் நீங்கள் கேட்க வந்து கேட்காமல் விட்டது. வேண்டாம் ஐயா. இவள் சுவரைப் பார்த்துச் சத்தமில்லாமல் உட்காருகிறாள். அடுத்து வருகிறவள் காலை ஐந்து மணிக்கு எழுந்து டிரம்ஸ் பழகுகிறவளாக இருக்கலாம்.