மணிக்கு 80 லிட்டர்னு புரோக்கர் சொல்றாரா?

கேள்வி: 30 மீட்டர் செகண்ட் ஹேண்ட் மோட்டார் யாட் (சொகுசுப் படகு) ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். ரெண்டு டீசல் இன்ஜின், ஒவ்வொண்ணும் 1,400 கிலோவாட். மணிக்கு 80 லிட்டர்தான் குடிக்கும்னு புரோக்கர் சொல்றார். வருஷம் 200 மணி நேரம் ஓட்டினா 16,000 லிட்டர். இந்தக் கணக்கு சரிதானா? ஒரு இன்ஜின அணைச்சிட்டு ஓட்டினா இன்னும் மிச்சமாகுமா?

பதில்: புரோக்கர் பொய் சொல்றார்னு சொல்ல முடியாது, அதான் இதுல வம்பே. 80 லிட்டர்ங்கிறது 10 நாட் (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல், ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்) வேகத்துல, அலையே இல்லாத கடல்ல, டேங்க் பாதி காலியா இருக்கறப்போ வர்ற நம்பர். எந்த வேகத்துலன்னு நீங்க கேட்டிருக்க மாட்டீங்க, யாருமே கேக்கறதில்ல. கார் விக்கறவங்களுக்காவது பொதுவா ஒரு மைலேஜ் டெஸ்ட் இருக்கு, கோடிக்கணக்குல விக்கிற யாட்டுக்கு அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது, பிரோஷர்ல இஷ்டத்துக்கு அடிச்சு விடலாம்.

ஒரே ஒரு கணக்க மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. டீசல் இன்ஜின் ஒரு கிலோவாட் சக்திய ஒரு மணி நேரம் குடுக்க ஏறக்குறைய கால் லிட்டர் எரிக்கும். 1,400ஐ நாலால வகுத்தா 350, ரெண்டு இன்ஜினுக்கு 700. அதாவது முழு வேகத்துல மணிக்கு 700 லிட்டர். 22 நாட்ல போனா தோராயமா 550 வரும். இத கடல் மைலுக்கு மாத்திப் பாருங்க, 10 நாட்ல மைலுக்கு 8 லிட்டர், 22 நாட்ல மைலுக்கு 25 லிட்டர். அதே ஊருக்குத்தான் போறோம், மூணு மடங்கு டீசல். உங்க 200 மணி நேரத்துல பாதி மெதுவா, பாதி வேகமா போனாலே 63,000 லிட்டர் ஆயிடும்.

அப்போ மெதுவா போனா எப்பவும் லாபம்தானேன்னு கேப்பீங்க. கிட்டத்தட்ட ஆமா, ஆனா ஒரு இடத்துல இல்ல, அத நான் கொஞ்சம் இழுத்தே சொல்றேன், ஏன்னா நிறைய பேர் இங்கதான் காசக் கரைக்கிறாங்க. உங்க யாட் தண்ணிய விலக்கிட்டுப் போறதுக்கு ஒரு வேக எல்லை இருக்கு, தண்ணிமட்டத்துல இருக்கிற நீளத்த அடியில எடுத்து, அதோட வர்க்கமூலத்த 1.34ஆல பெருக்கினா வரும், உங்களுக்கு 12 நாட் சொச்சம். அதத் தாண்டினதும் படகு தானே எழுப்பின அலை மேலயே ஏற ஆரம்பிக்கும். மூக்கு மேல தூக்கும், பின்பக்கம் உக்காந்துடும், முன்னாடி என்ன இருக்குன்னே சரியாத் தெரியாது, டேபிள் மேல இருக்கிற கப் பின்னால வழுக்கும். அந்த 14, 16 நாட்லதான் ‘நடுத்தரமா போறோம்’னு பலபேர் நிம்மதியா உக்காந்திருப்பாங்க. ஒண்ணு 10க்குக் கீழ வாங்க, இல்ல முழுசா மேல எழுந்து ஓடுங்க, நடுவுல நிக்காதீங்க. இது தண்ணி மேல எழுந்து ஓடற மாதிரி அடிப்பாகம் இருக்கிற படகுக்கு மட்டும்தான். உங்களோடது 30 மீட்டருக்கு 2,800 கிலோவாட், அதனால அந்த வகைதான்.

அடுத்தது ஜெனரேட்டர். இத புரோக்கர் வாயே திறந்திருக்க மாட்டார். நங்கூரம் போட்டு சும்மா நின்னாலும் ஏசி, ஃப்ரிட்ஜ், கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்குற மெஷின் எல்லாம் ஓடும், மணிக்கு 10 லிட்டர்னு வெச்சாலும் ஒரு நாளைக்கு 240. வருஷத்துல 60 நாள் படகுல இருந்தா 14,400 லிட்டர், புரோக்கர் உங்களுக்குச் சொன்ன மொத்தக் கணக்குக்குப் பக்கத்துல வந்துடுச்சு பாருங்க. ஆக பட்ஜெட்ல 77,000 லிட்டர்னு எழுதுங்க, 16,000 இல்ல. அடிப்பக்கம் பாசி புடிச்சா அதுக்கும் மேல போகும்.

டீசல் வாங்கறப்போ இன்னொரு வலை இருக்கு. நான் ஒரு தடவ 8,000 லிட்டர் ஏத்தறப்போ டேங்க் குழாய்கிட்டயே நின்னேன், உள்ள குபுகுபுன்னு சத்தம், அளக்கிற டேப்ப உள்ள விட்டு எடுத்தா நுரையா ஒட்டிட்டு வருது. காத்தக் கலந்து அடிக்கிறாங்க, இதுக்கு ‘கேப்புசினோ’ன்னே பேர் வெச்சிருக்காங்க. மறுநாள் காலையில அளந்தா 400 லிட்டர் குறைவு. சூடான டீசல், ஆறினா சுருங்கும்னு டீசல் ஏற்பாடு பண்ண ஏஜென்ட் சொன்னார். 10 டிகிரி ஆறினாலும் 8,000க்கு 65 லிட்டர் சுருங்கும், 400 எப்படி சுருங்கும்? ரசீதுல ஏற்கனவே கையெழுத்துப் போட்டாச்சு, அதுக்கப்புறம் யார்கிட்டயும் பேசிப் பிரயோஜனம் இல்ல. அதனால ஏத்தறதுக்கு முன்னாடி டேங்க அளங்க, நுரை அடங்கினதும் இன்னொரு தடவ அளங்க, அப்புறம் கையெழுத்துப் போடுங்க. ஏஜென்ட்டுக்கு லிட்டருக்கு இவ்வளவுன்னு கமிஷன் இருக்கான்னும் மூஞ்சிக்கு நேரா கேட்டுடுங்க.

டீசல விட பெரிய செலவு ஆட்கள் சம்பளம், இன்ஷூரன்ஸ், நிறுத்தற வாடகை, ரிப்பேர். வருஷச் செலவு விலையில 10 சதவீதம்னு ஒரு வழக்குக் கணக்கு இருக்கு, ஆனா அது படகு புதுசா வந்தப்போ இருந்த விலைக்கு. நீங்க பாதி விலைக்கு வாங்கினதால கேப்டன் பாதி சம்பளத்துக்கு வரமாட்டார்.

வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷ டீசல் ரசீதையும் லாக் புக்கையும் கேளுங்க, இன்ஜின் கம்ப்யூட்டர்ல மொத்தம் எரிச்ச லிட்டர் பதிவாயிருந்தா அதையும் எடுக்கச் சொல்லுங்க, மூணும் ஒத்து வரணும். டேங்க நிரப்பிட்டு கடல்ல ஓட்டிப் பாருங்க, ஒவ்வொரு வேகத்துக்கும் போக ஒரு தடவ, வர ஒரு தடவ, சராசரி எடுங்க, இல்லன்னா நீரோட்டம் ஏமாத்திடும். கடல் சரியில்லன்னு புரோக்கர் சாக்கு சொன்னா அடுத்த வாரம் வர்றேன்னு சொல்லுங்க.

ஒரு இன்ஜின அணைக்கிற விஷயம்: கொஞ்சம் மிச்சமாகும், நீங்க நினைக்கிற பாதியெல்லாம் இல்ல. அணைச்ச பக்கத்து ப்ரொபெல்லர தண்ணி சுத்திக்கிட்டே இருக்கும், கியர்பாக்ஸ்ல ஆயில் பம்ப் மட்டும் ஓடாது. அத எத்தனை மணி நேரம் அப்படி விடலாம்னு கியர்பாக்ஸ் மேனுவல்ல போட்டிருக்கும், அதப் படிக்காம அணைக்காதீங்க.