கேள்வி-பதில்: கிட்டாருக்கு இரைச்சல் இல்லாத ரிவேர்ப்

கேள்வி: தேவாலயப் பாடகர் குழுவில் அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். கிட்டாரின் பக்கவாட்டில் பற்றரியில் இயங்கும் ப்ரீஆம்ப் (கிட்டாரின் மெல்லிய ஒலியைப் பலப்படுத்தும் சுற்று) இருக்கிறது. அங்கிருந்து விலை குறைந்த ஒரு ரிவேர்ப் பெடல் (ஒலிக்கு எதிரொலி சேர்க்கும் கால்மிதிக் கருவி) வழியாகச் சிறிய அம்ப்ளிஃபயருக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறேன். பாட்டு முடிந்து செபம் தொடங்கும்போது ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் ஒரு மெல்லிய உறுமலும் எல்லோருக்கும் கேட்கின்றன. சத்தமில்லாத ரிவேர்ப் ஒன்றைச் சொல்லுங்கள்.
(ஹட்டன் வாசகர்)

பதில்: செபத்தின் நிசப்தத்தில் கேட்கும் இரைச்சல் வாசிப்பவரின் மனத்தை எவ்வளவு சங்கடப்படுத்தும் என்பது புரிகிறது. ஆனால் பணம் செலவழிக்கும் முன் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். உங்கள் பெடலில் 9 வோல்ட் பற்றரி போடும் இடம் இருந்தால், அடப்டரைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் இயக்குங்கள். சத்தம் மறைந்துவிட்டால் குற்றவாளி அடப்டர்தான். பெடலை மாற்றினாலும் அதே அடப்டரில் அதே சத்தம் திரும்பி வரும். ரிவேர்ப் பெடல்கள் பெரும்பாலும் டிஜிட்டல் கருவிகள் என்பதால் சாதாரணப் பெடல்களைவிட அதிக மின்னோட்டத்தை இழுக்கின்றன. டியூனருக்கும் ரிவேர்ப்புக்கும் ஒரே அடப்டரிலிருந்து கிளைவயர் பிரித்துக் கொடுத்தால், டிஜிட்டல் சுற்றின் கீச்சொலி மற்றப் பெடலுக்குள்ளும் நுழைந்துவிடும். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட வெளியீடுகள் உள்ள மின்வழங்கியோ, ரிவேர்ப்புக்கென்று தனி அடப்டரோ இருப்பதே முறை. வாங்கும்போது வோல்ட்டையும் மில்லிஅம்பியரையும் மட்டும் பார்க்காமல், பிளக்கின் நடுமுனை நேரா எதிரா என்பதையும் பெடலின் அடிப்பக்கத்தில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உறுமல் வேறு, ‘ஸ்ஸ்’ வேறு. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 முறை அதிர்வது; அது ஒலிவயருக்குள் புகுந்தால் உறுமலாகக் கேட்கும். அம்ப்ளிஃபயர் ஒரு சுவர்ப் பிளக்கிலும் தேவாலயத்தின் மிக்ஸர் இன்னொரு மூலையிலுள்ள பிளக்கிலும் இருந்து, இரண்டையும் ஒலிவயர் இணைக்கும்போது, புவியிணைப்பு ஒரு வளையமாகிவிடுகிறது. தாழ்ந்த உறுமல் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் பொருத்திப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஒலிவயரின் புவியிணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் உள்ள டிஐ பெட்டி (கருவியின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி) ஒன்றை நடுவில் வையுங்கள். சிலர் உறுமலை நிறுத்த மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையைக் கழற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிட்டார்க் கம்பியில் கைவைத்தபடி மைக்கில் உதடு படும் பாடகருக்கு அது உயிராபத்து.

‘ஸ்ஸ்’ என்பது பெரும்பாலும் ஒலியளவுகளைத் தவறாக வைப்பதால் வருவது. கிட்டாரின் வொலியூமைக் குறைத்து அம்ப்ளிஃபயரைக் கூட்டினால், இடையிலுள்ள பெடலின் சொந்த இரைச்சலும் சேர்ந்து பெருகும். கிட்டாரில் முக்கால் பங்குவரை வைத்துவிட்டு, அம்ப்ளிஃபயரைத் தேவையான அளவுக்கு மட்டும் கூட்டுங்கள். அம்ப்ளிஃபயரில் எஃபெக்ட்ஸ் லூப் (பெடலை அம்ப்ளிஃபயரின் நடுவில் இணைப்பதற்கான தனித் துளைகள்) இருந்தால் ரிவேர்ப்பை அதில் இணைப்பது இன்னும் நல்லது, ஏனெனில் பலப்படுத்தப்பட்ட ஒலியே பெடலுக்குப் போகும். ஆனால் லூப்பின் ஒலியளவைப் பெடல் தாங்குமா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்குப் பிறகும் இரைச்சல் நின்றபாடில்லை என்றால், புதிய பெடல் வாங்குவதில் நியாயம் உண்டு. நான் முதலில் பார்ப்பது, கிட்டாரின் நேரொலி (எதிரொலி சேராத ஒலி) டிஜிட்டலாக மாற்றப்படாமல் அனலாக்காகவே கடந்துபோகிறதா என்பதை; அப்படியானால் எதிரொலி மட்டுமே சிப்புக்குள் உருவாகிச் சேர்க்கப்படும், நேரொலி தூய்மையாக இருக்கும். அடுத்து இன்புட் இம்பீடன்ஸ், அதாவது உள்ளே வரும் ஒலிக்குப் பெடல் காட்டும் மின்தடை. உங்கள் கிட்டாரில் ப்ரீஆம்ப் இருப்பதால் உங்களுக்கு இது பெரிய கவலை அல்ல. ப்ரீஆம்ப் இல்லாத பியஸோ பிக்கப் (கம்பிகளின் அதிர்வை மின்சாரமாக்கும் உணரி) உள்ளவர்களுக்கோ குறைந்தது 1 மெகாஓம் வேண்டும்; இல்லாவிட்டால் தாழ்ந்த கம்பிகளின் ஒலி மெலிந்துவிடும், அதைச் சரிக்கட்ட ஒலியைக் கூட்டக் கூட்ட இரைச்சலும் ஏறும். இரைச்சல் அளவு டெசிபெலில் கொடுக்கப்பட்டிருந்தால், கழித்தல் குறிக்குப் பின்னுள்ள எண் பெரிதாக இருப்பதே அமைதியானது. ஆனால் ஒரே அளவுகோலில் அளந்தவற்றைத்தான் ஒப்பிட வேண்டும்.

பெயர் சொல்ல வேண்டுமானால், எல்ஆர் பேக்ஸ் நிறுவனத்தின் அலைன் ரிவேர்ப் அக்கூஸ்டிக் கருவிகளுக்கென்றே உருவாக்கப்பட்டது. எதிரொலியைக் கூட்டினாலும் கிட்டாரின் இயல்பொலி தேயாது. தேவாலயத்துக்கு என் முதல் தெரிவு அதுவே. அது கிடைக்காவிட்டால் பாஸ் ஆர்வி-6 நம்பகமானது. பற்றரியிலும் இயங்கும் என்பதால், மேலே சொன்ன சோதனையை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். எதை வாங்கினாலும் பெரிய மண்டபம்போல் நீண்டு ஒலிக்கும் ஹோல் வகையை விட்டு, சிறிய அறைபோல் ஒலிக்கும் ரூம் வகையைக் குறைந்த அளவில் வையுங்கள். கல் சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள தேவாலயத்தில் இயற்கை எதிரொலி ஏற்கெனவே இருக்கிறது; அதன்மேல் நீண்ட ரிவேர்ப்பைச் சேர்த்தால் பாடல் வரிகள் கலங்கிப்போகும்.

கேள்வி: கொழும்புக் கடையொன்றில் பாவித்த பெடல் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எங்கள் ஊர்க் குளிருக்குத் தாங்குமா? பழுதாகிவிட்டால் என்ன செய்வது?
(நுவரெலியா வாசகர்)

பதில்: குளிர் பெடலைக் கெடுக்காது, ஈரம்தான் கெடுக்கும். குமிழ்களைத் திருப்பும்போது கரகரவென்றால் உள்ளே தூசியோ துருவோ படிந்திருக்கிறது என்று பொருள், அத்தகையதை வாங்காதீர்கள். உங்கள் கிட்டாரையே கடைக்கு எடுத்துச் சென்று, கம்பிகளைத் தொடாமல் ஒலியைக் கூட்டி, பெடலை இயக்கியும் நிறுத்தியும் கேளுங்கள். வீட்டில் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் வைத்தால் மழைக்காலத்திலும் பாதுகாப்பாக இருக்கும்.

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் பெடலின் மாதிரியும், உத்தரவாதம் தருவதாகச் சொன்னால் அதன் காலமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னதைப் பின்னர் நிரூபிப்பது கடினம். கடைக்காரர் கைவிரித்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிடலாம். அதன் துரித தொலைபேசி இலக்கம் 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதால், பழுதைக் கண்டதும் தாமதிக்காமல் பற்றுச்சீட்டின் பிரதியோடு எழுதி அனுப்புங்கள்.